பாசிசம் வெறும் வசைச்சொல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிடிக்காதவர்களையெல்லாம் 'பாசிஸ்ட்' என்று திட்டுவது வாடிக்கையாகிவிட்டது. முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவள் நான், மனம் பொறுக்கவில்லை. பாசிசம் ஓர் ஆட்சிமுறை. 'எல்லாம் அரசுக்குள்ளே, அரசுக்கு வெளியே எதுவுமில்லை, அரசுக்கு எதிராக எதுவுமில்லை' என்று 1925இல் இத்தாலியை ஆண்ட சர்வாதிகாரி முசோலினி சொன்னதே அதன் ஆணிவேர். தலைவர் சொல்லே சட்டம், தேசத்தின் முன் தனிமனிதன் தூசு, போர் பெருமைக்குரியது. தொழிற்சங்கம்கூட அரசின் கைக்குள்தான். 1926இல் வேலைநிறுத்தம் குற்றமாக்கப்பட்டது, பிற கட்சிகளும் கலைக்கப்பட்டன.

தேர்தலே இல்லை என்று நினைக்காதீர்கள். 1929இல் இத்தாலியில் வாக்குப்பதிவு நடந்தது. 400 பேர் கொண்ட ஒரே பட்டியல். சம்மதமா, இல்லையா என்பதே கேள்வி. 'சம்மதம்' சீட்டில் தேசியக் கொடியின் மூவண்ணம்; மறுப்புச் சீட்டு வெறும் வெள்ளை. 98 சதவீதத்துக்கு மேல் சம்மதம்! வகுப்பில் இரண்டு காகிதங்களைச் செய்து காட்டுவேன். எதை எடுத்தோம் என்பது தெரிந்துவிடுமே என்று பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றார்கள். சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் அளவில்தான். படித்தவர்களே பணிந்த இந்தச் செய்தியைச் சொல்லும்போது, ஒவ்வொரு ஆண்டும் என் குரல் தழுதழுத்துவிடும். பள்ளிப் பாடநூல்களில் ஹிட்லருக்குப் பல பக்கம் இருக்கிறது, இந்தப் பேராசிரியர்களுக்கு ஒரு வரி இல்லை. அதைச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை