பறவைப் படக்குழு ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில், நம் பாசிர் ரிஸ் பூங்காவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அங்கேதான் நின்றீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கூட்டை மறித்து எடுத்த படங்களையும், இணை தேடி ஆடும் பறவையை நெருங்கி எடுத்த படங்களையும் மாதப் போட்டிக்கு இனி ஏற்காதீர்கள்.

அந்த மீன்கொத்தியை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. அலகில் ஓணானைக் கவ்விக்கொண்டு வந்தது. பட்டமரப் பொந்துக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. பொந்துக்கு நேர் கீழே வரிசையாக ட்ரைபாட்கள். பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தது, எழுந்து வேறு கிளைக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. "ஓணானோட படம் சூப்பரா விழுது, யாரும் அசையாதீங்க" என்றார் ஒருவர். கொஞ்சம் தள்ளி நிற்கலாமே அண்ணே என்றதற்கு, "இது பொது இடம் தம்பி" என்று பதில் வந்தது. கடைசியில் அந்த மீன்கொத்தி ஓணானைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்துபோனது. உள்ளே சத்தம் நிற்கவில்லை.

அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு கொடுத்தீர்கள்.

இப்போது ஏப்ரலில் ஸ்காட்லாந்துப் பயணம், கேப்பர்கெய்லி ஆடுவதை அருகிலிருந்து எடுக்கலாம் என்று அறிவிப்பு வேறு. நாலு கிலோவைத் தாண்டும் அந்தப் பெரிய காட்டுக்கோழிச் சேவல் பைன் காட்டில் விடியும் முன்னே வாலை விரித்து, கழுத்தை நிமிர்த்தி ஆடுவது பேரழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆடுவது பெட்டைகளுக்காக. ஆள் நடமாட்டம் தெரிந்தால் அவை ஒதுங்கிவிடும், அந்தக் காலை வீண். 18ஆம் நூற்றாண்டில் அங்கே அற்றே போன இனம் அது. 1837இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து மறுபடி வளர்த்தார்கள். 2021–22 குளிர்காலக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து முழுக்கச் சுமார் 542 பறவைகள்தான். ஆட்டக்களத்தில் அவற்றைத் தொந்தரவு செய்வது அங்கே குற்றம். நம் விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விமான டிக்கெட் தள்ளுபடி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

சட்டம் இங்கேயும் உண்டு. அனுமதியில்லாமல் புழு வைத்துப் பறவையை வரவழைத்தால், 2020இல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். ஆனாலும் சிலருடைய கேமராப் பையில் லென்ஸ் துணி இருக்கிறதோ இல்லையோ, புழு டப்பா இருக்கிறது. எம்ஆர்டி ரயிலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட அபராதத்துக்குப் பயந்து யோசிக்கிற ஊர் இது. பொந்து வாசலை மறித்து நிற்க மட்டும் யாருக்கும் கூச்சமில்லை. பேசாமல் "சிறந்த பட்டினிக் குஞ்சு" என்று தனிப்பிரிவே தொடங்கிவிடலாம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிதல்ல. கூட்டிலும் ஆட்டக்களத்திலும் எடுத்த படங்கள் ஏற்கப்படமாட்டா என்று அடுத்த போட்டி அறிவிப்பில் ஒரு வரி சேருங்கள். பரிசு இல்லையென்றால் பாதிப் பேர் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். பயணத்திட்டத்திலிருந்து கேப்பர்கெய்லியையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதே காடுகளில் குறுக்கலகுச் சிட்டு உண்டு, கொண்டை வைத்த டிட் குருவி உண்டு. பாதையை விட்டு இறங்காமலே எடுக்கலாம். முன்பணம் கட்டியவர்களுக்கு நீங்களே எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
குழு உறுப்பினன்