கைரேகை இருந்தாலும் பின் நம்பர் முக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

புது போன் வாங்கியதும் கைரேகையைப் பொறுமையாகப் பதிகிறோம், கூடவே அது கேட்கும் பின் நம்பருக்கு மட்டும் 1234 என்றோ பிறந்த வருடத்தையோ போட்டுவிடுகிறோம். ரேகைதான் காவல், நம்பர் சும்மா ஒப்புக்கு என்ற நினைப்பு. நடப்பது தலைகீழ். போனில் உள்ளதைப் பூட்டி வைக்கும் சாவி அந்த நம்பரைச் சார்ந்துதான் உருவாகிறது, ரேகை அதன்பிறகு வரும் ஒரு சௌகரியம்தான்.

சந்தேகம் இருந்தால் போனை அணைத்துவிட்டு ஆன் செய்து பாருங்கள். முதல் தடவை விரலை வைத்தால் திறக்காது, நம்பரைத்தான் கேட்கும். அதைப் போடுவதற்குள் அம்மா கூப்பிட்டால் பல போன்களில் 'அம்மா' என்று வராது, வெறும் எண்தான் வரும், ஏனென்றால் சேமித்து வைத்த பெயர்களே அப்போது பூட்டிக் கிடக்கின்றன. ஐபோன் 48 மணி நேரம் திறக்காமல் கிடந்தாலும், விரலோ முகமோ ஐந்து தடவை ஒத்துப்போகாவிட்டாலும் இதே கதைதான். சில ஆன்ட்ராய்டு போன்கள் மூன்று நாளைக்கு ஒருமுறை திடீரென நம்பர் கேட்பதும் இந்த வகைதான், போன் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம்.

கடை என்றதும் ஞாபகம் வருகிறது. ரிப்பேருக்குக் கொடுத்த போன்களின் முதுகில், பின் நம்பர் எழுதிய சீட்டை ஒட்டி மேசையில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அந்த நம்பர் தெரிந்த யாரும் செட்டிங்ஸில் போய்த் தன் விரலையே சேர்த்துக்கொள்ளலாம். புது விரல் சேர்ந்ததும் சில வங்கி ஆப்கள் உஷாராகி மறுபடி பாஸ்வேர்டு கேட்கும், எல்லா ஆப்பும் கேட்கும் என்று நம்பி இருக்க முடியாது.

வேறொருவர் விரல் தவறிப்போய் ஒத்துப்போக 50,000-ல் ஒரு வாய்ப்பு என்கிறது ஆப்பிள். நாலு இலக்க நம்பரோ மொத்தமே 10,000தான், அதிலும் பிறந்த வருடம் என்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரேகை இருப்பதால் நம்பரை அடிக்கடி தட்டப்போவதில்லை, அப்புறம் அதை எட்டு இலக்கமாக வைத்தால்தான் என்ன? சிமென்ட் வேலை செய்து ரேகை தேய்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் நம்பர்தான் வழி, அவர்களுக்காவது ஆறு இலக்கம் வேண்டும்.

போன் விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வயதானவர்கள் வந்தால் நீங்களே 0000 என்று போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், போனை அவர்கள் கையில் கொடுத்து அவர்களையே தட்டச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், விருதுநகர்