10.53-இல் நின்ற கடிகாரத்துக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். 1910 ஜனவரியில் சென் நதி பாரிஸை மூழ்கடித்த நாட்களை வைத்து நாங்கள் இருவரும் எழுதிய துப்பறியும் நாவல் அச்சேறிவிட்டது. கதையில் துப்புத் துலக்குபவர்கள் போலீஸார் இல்லை. ஒரு தையல்காரியும் ஒரு தந்தி குமாஸ்தாவும். அந்தக் காலத்துச் சாதாரண மனிதர் கண்ணில் படக்கூடியவை மட்டுமே அவர்களுக்குத் தடயம். அதே தடயங்களை வைத்து வாசகர் கணக்குப் போட்டாலும் விடை வர வேண்டும். அந்தக் கணக்கு இடறாமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி நன்றி போட்டு முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

முதல் நன்றி, பழைய கடிகாரங்களைப் பழுதுபார்க்கும் அய்யாவுக்கு. ஓட்டல் கூடத்துக் கடிகாரம் 10.53-இல் நின்றிருக்கும் செய்தி முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. அதனால் இங்கே சொன்னால் கதை கெடாது. பாரிஸில் 1880 முதல் அழுத்தக் காற்றால் ஓடிய கடிகாரங்கள் இருந்தன. அவற்றுக்குச் சாவி கொடுக்க வேண்டாம், ஊசலும் கிடையாது. முகப்புக்குப் பின்னால் சின்னத் துருத்தி ஒன்று. நிலத்தடிக் குழாய் வழியே நிமிடத்துக்கு ஒருமுறை காற்று வரும். துருத்தி உப்பி நெம்புகோலைத் தள்ளும். அறுபது பல் சக்கரத்தில் ஒரு பல் நகரும். நிமிட முள் ஒரு கோடு தாவும். இதை அய்யா காகிதத்தில் வரைந்து காட்டியபோதே பாதி நாவல் உருவாகிவிட்டது. இந்தக் கடிகாரம் 'டிக் டிக்' என்று அடிக்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி நிற்காது. காற்று வந்தால் தாவும், வராவிட்டால் அப்படியே நிற்கும். ஜனவரி 21-ஆம் தேதி அழுத்தக் காற்று ஆலைக்குள் வெள்ளம் புகுந்தது. நகரமெங்கும் இந்த வகைக் கடிகாரங்கள் 10.53 காட்டி நின்றன.

துப்பறியும் கதைகளில் கடிகாரம் உடைந்து நின்ற நேரத்தைக் கொலை நடந்த நேரமாக எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். எங்கள் ஓட்டல் மேலாளரும் அப்படியே நம்புகிறார். குழப்பம் எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க அய்யா சொன்ன சோதனை மிக எளிது: ஒரு வீட்டுக் குழாய் உடைந்தால் அந்த வீட்டுக் கடிகாரம் மட்டும் நிற்கும், எதிர்க்கடையிலும் அதே நேரத்தில் நின்றிருந்தால் கோளாறு ஆலையில். தையல்காரி தெருவைக் கடந்து எட்டிப் பார்த்தால் போதும். கடிகார முகத்துக்குக் காலையும் இரவும் ஒன்றுதான் என்பதையும் அவர்தான் சுட்டிக்காட்டினார். அது எங்கே பயன்பட்டது என்பதை மட்டும் இங்கே சொல்லப்போவதில்லை.

ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவருக்கு அடுத்த நன்றி. அன்றைய பிரான்ஸில் ரயில் நிலையத்தின் வெளிக் கடிகாரம் பாரிஸ் நேரத்தைக் காட்டும். உள்ளே நடைமேடைக் கடிகாரம் வேண்டுமென்றே ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடும், ஓடிவரும் பயணிக்கு அவகாசமாக. லண்டன் நேரமோ பாரிஸுக்கு 9 நிமிடம் 21 விநாடி பின்னால். இந்த வித்தியாசம் 1911 மார்ச்சில்தான் நீங்கியது. எனவே தெருவில் 10.53 என்றால் நடைமேடையில் 10.48, லண்டனில் 10 மணி 43 நிமிடம் 39 விநாடி. லண்டனில் 10.44-க்குக் கொடுத்த தந்தி, பாரிஸ் கடிகாரம் நிற்பதற்கு ஒன்பது நிமிடம் முன்னால் கொடுத்ததுபோலத் தோன்றும். உண்மையில் கடிகாரம் 10.53-ஐத் தொட்டு 21 விநாடி கழிந்திருக்கும். குமாஸ்தா இதைக் கண்டுபிடிக்கும் பக்கத்தைப் பெரியவர் பென்சிலால் வரிக்கு வரி கூட்டிக் கழித்துச் சரிபார்த்தார். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

நீரியல் பொறியாளர் அம்மாவுக்கு: வெள்ளம் என்றால் கரை உடைத்து வரும் அலை என்று எழுதுவது சுலபம், அது பாரிஸுக்குப் பொருந்தாது என்று முதல் பேச்சிலேயே சொன்னீர்கள். கரைச்சுவர்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. தண்ணீர் கீழேயிருந்து வந்தது. பாதாளச் சாக்கடை, நிலவறை, வேலை முடியாத மெட்ரோ சுரங்கம் என்று கிடைத்த வழியிலெல்லாம் ஏறியது. நதியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சேன் லசார் நிலையப் பகுதியிலும் சுரங்கம் வழியாக நீர் வந்து சேர்ந்தது. தெரு காய்ந்திருக்க நிலவறை நனைந்திருக்கலாம் என்ற ஒரே உண்மையில் எங்கள் பதினோராம் அத்தியாயம் நிற்கிறது. ஆஸ்டர்லிட்ஸ் பாலத்து அளவுகோலில் 28-ஆம் தேதி 8.62 மீட்டர் உச்சம். ஒவ்வொரு காட்சிக்கும் தேதியையும் நீர்மட்டத்தையும் பொருத்திப் பார்த்தீர்கள். தெருவில் பாவியிருந்த மரக்கட்டைகள் ஊறிப் பெயர்ந்து மிதந்தன என்று சொன்னதும் நீங்கள்தான். ஆட்கள் பலகைப் பாலத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஆகவே துரத்தல் காட்சியே கிடையாது. நல்லதுதான், எங்களுக்குத் துரத்தல்கள் பிடிக்காது.

கைரேகைப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற அய்யா, கதையின் பெரிய ஆசை ஒன்றை அடக்கினார். பாரிஸ் காவல்துறையில் குற்றவாளிகளை அடையாளம் காணும் பிரிவை நடத்திய பெர்தியோனின் அட்டைகளில் கைரேகை இருந்தது உண்மை. ஆனால் அட்டைகளை அடுக்கியது தலை நீளம், கை நீளம் முதலிய உடல் அளவுகளின்படி. கண்ணாடியில் கிடைத்த ஒற்றை ரேகையை வைத்துக்கொண்டு அந்த மலையில் ஆளைத் தேட முடியாது. அடுத்த ஆண்டு மோனா லிசா திருடுபோனபோது சட்டக் கண்ணாடியில் பெருவிரல் ரேகை கிடைத்தும், திருடனின் ரேகை ஏற்கெனவே காவல்துறையிடம் இருந்தும் ஆள் சிக்கவில்லை. பிணவறையும் 1907-லேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது. தையல்காரி உள்ளே நுழைய வேறு காரணம் தேட வேண்டும் என்றார். தேடினோம். அந்தக் காரணம்தான் இப்போது நாவலின் சிறந்த காட்சி.

புதுச்சேரி பிரெஞ்சு ஆசிரியை அக்கா பழைய நாளிதழ்களைப் படித்துப் பொருள் சொன்னார். மாலைப் பத்திரிகையான 'லெ தாம்' மறுநாள் தேதியோடு வெளிவரும் என்ற குறிப்பு அவரிடமிருந்து வந்தது. சட்டைப்பையில் 'நாளைய' பத்திரிகையோடு கிடக்கும் பிணத்துக்கு அதுவே விளக்கம். பாரிஸ் லா ஷாப்பெலில் கடை வைத்திருக்கும் ஈழத்து அண்ணன், கன்கோர்ட் சதுக்கத்திலிருந்து மதலேன் தேவாலயம் வழியாகச் சேன் லசார் வரை கனமான பெட்டியோடு நடந்து நேரம் குறித்து அனுப்பினார். தையல் அம்மாவுக்கு, நனைந்த கம்பளிப் பாவாடையின் ஓரத்தில் வண்டல் கோடு எப்படிப் படியும் என்று துணியை நனைத்தே காட்டியதற்கு. மெய்ப்பு பார்த்த தம்பிக்கு, வால்நட்சத்திரத்துக்காக: அந்த ஜனவரியில் பளிச்சென்று தெரிந்தது ஹாலி இல்லை, வேறொன்று, ஹாலி வெறும் கண்ணுக்குத் தெரிய ஏப்ரல் ஆனது.

அட்டைக்குப் பின்பக்கம் நகரின் வரைபடம் அச்சாகியிருக்கிறது. 28-ஆம் தேதி நீர் நின்ற தெருக்கள் அதில் சாம்பல் நிறத்தில் இருக்கும். உங்கள் பிரதிகளை அடுத்த வாரம் அஞ்சலில் சேர்க்கிறோம். ஏதாவது தெரு நிறம் மாறியிருந்தால், ஏதாவது நிமிடம் உதைத்தால், தயங்காமல் எழுதுங்கள். இரண்டாம் பதிப்பில் திருத்திவிடலாம்.

அன்புடன்,
நூலாசிரியர்கள் இருவரும்