கேமிங் கணினி விளம்பரத்தின் கடைசி வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிந்தாலே பத்திரிகைகளில் கேமிங் கணினி விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். பிராசஸர் எந்த மாடல், கிராபிக்ஸ் கார்டு எது, ரேம் எத்தனை ஜிபி, கலர் லைட் ஃபேன் எத்தனை என்பதுவரை எழுதியிருப்பார்கள். கடைசி வரியில் '450 வாட் எஸ்எம்பிஎஸ்' (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி) என்று மட்டும் இருக்கும். கம்பெனி பெயர் கிடையாது, மாடலும் கிடையாது. மேலே சொன்ன அத்தனை பொருளுக்கும் சோறு போடுவது அந்தப் பெயரில்லாத பெட்டிதான் என்பதால் இந்தக் கடிதம்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது. அதன் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆம்பியர் போட்டிருப்பார்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஓடுவது 12 வோல்ட்டில், அதாவது மஞ்சள் ஒயரில். அந்த ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் வருவதுதான் கேமுக்கு உதவும் வாட். 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட், அவ்வளவுதான். மேலே 450 என்று போட்டிருந்தால், மீதி 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டிய கணக்கு. இன்றைய கணினியில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. ஒழுங்கான 550 வாட் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியரை ஒட்டி, 540 வாட் அளவுக்கு இருக்கும். 12 வோல்ட்டையே இரண்டாகப் பிரித்துத் தலா 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் கூட்டி 36 ஆக்கிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து உச்சமாக எத்தனை வாட் என்பது பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு. இன்டெல் ஐ5 12400எஃப் பிராசஸரை 65 வாட் என்பார்கள். வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் டர்போ நிலையில் அது 117 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு ஒரு 60 வாட் வையுங்கள். மொத்தம் 292. இதற்கு நல்ல 450 தாராளம். ஆனாலும் இந்தக் கார்டின் கம்பெனியான என்விடியா 550 என்று சொல்கிறது. எந்தத் தரத்துப் பெட்டியை மாட்டுவார்களோ என்ற பயமும் அதில் சேர்த்தி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வருடம் கழித்து ஆர்டிஎக்ஸ் 5070 போடும் எண்ணம் இருந்தால், அந்தக் கார்டு மட்டுமே 250 வாட். இப்போதே 650 வாங்கிவிடுவது லாபம். இதற்கு 850 வாங்குவது வீண்செலவு. அந்தப் பணத்தில் ஒற்றை 16 ஜிபி ரேமுக்குப் பதில் இரண்டு 16 ஜிபி ஜோடியாகப் போட்டால் கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கார்டுக்குச் சொல்லும் வாட் சராசரிதான். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்துக்கு அது இரண்டு மடங்குகூட இழுக்கும். 2022இல் எஸ்எம்பிஎஸ்களுக்காக வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற தர விதி, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இரு மடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். தாங்காத பெட்டியில் என்ன ஆகும்? பிரவுசரும் படமும் நன்றாக ஓடும். கேமில் சண்டைக் காட்சி வந்ததும் திரை கறுத்து கணினி ரீஸ்டார்ட் ஆகும். நீலத் திரைகூட வராது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று மட்டும் பதிவாகியிருக்கும். உடனே விண்டோஸை மாற்றிப் போடுவார்கள், ரேமை மாற்றுவார்கள், சிலர் கார்டையே விற்றுவிடுவார்கள்.

கடைக்கு எடுத்துப் போனால், 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் கிளிப்பால் இணைத்து, 'ஃபேன் சுத்துதே, எஸ்எம்பிஎஸ் ஓகே' என்று திருப்பிக் கொடுப்பார்கள். அந்தச் சோதனை பெட்டி ஆன் ஆகிறதா என்று மட்டுமே சொல்லும். சுமை தாங்குமா என்று சொல்லாது. கேமை ஓடவிட்டு, மோலெக்ஸ் எனும் நான்கு பின் கனெக்டரின் மஞ்சள், கறுப்பு ஒயர்களில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெட்டி தேறாது. இறங்காவிட்டாலும் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. நொடிநேரச் சரிவை மீட்டர் பிடிக்காது. அப்போது ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறைத்து விளையாடச் சொல்லுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான்.

'80 பிளஸ்' முத்திரை இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று மட்டுமே. 12 வோல்ட்டில் ஏற்ற இறக்க அலைவு 120 மில்லிவோல்ட்டுக்குள் நிற்கிறதா, ஷார்ட் ஆனால் பெட்டி தானாக அணைகிறதா என்பதெல்லாம் அதில் வராது. தவிர, அந்தச் சோதனை நடப்பது 23 டிகிரி அறையில். வேலூரிலும் திருச்சியிலும் மே மாதத்து அறை எத்தனை டிகிரி என்று சொல்லத் தேவையில்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டருக்குச் சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. அதனால் முழு வாட்டையும் 40 அல்லது 50 டிகிரியில் தருவதாகக் கம்பெனி எழுதிக் கொடுக்கும் மாடலையே எடுக்க வேண்டும்.

ஒயர் விஷயத்தில் நடக்கும் தவறுகள் பொருளையே எரித்துவிடும். மாடுலர், அதாவது ஒயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய ஒயர்களை அப்படியே விட்டுப் புதுப் பெட்டியில் செருகுவது அதில் முதலாவது. பெட்டிப் பக்கத்து முனையில் எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. செருகும்போது சரியாகப் பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் ஹார்டு டிஸ்க் போய்விடும். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் ஒரே ஒயரின் இரண்டு தலைகளை மாட்டாமல் இரண்டு தனி ஒயர் கொடுங்கள். ஒரு 8 பின்னுக்கு 150 வாட் என்பதே கணக்கு. புதிய 16 பின் கனெக்டரை இடைவெளி தெரியாதபடி முழுவதும் அழுத்த வேண்டும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் அது உருகியதற்குச் சரியாகச் செருகாததும் ஒரு காரணம்.

யுபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணமாகக் கொடுக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது மானிட்டரையும் சேர்த்துத் தாங்காது. அதோடு அதன் கட்டை கட்டையான அலை மின்சாரம், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள சில எஸ்எம்பிஎஸ்களுக்கு ஒத்துவராமல், பேட்டரிக்கு மாறும் நொடியில் கணினி அணைந்துவிடும். வீட்டு மின்சாரத்தைப் போலவே வளைந்த அலை தரும் சைன் வேவ் யுபிஎஸ்ஸே பொருத்தம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால் அதன் சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கட்டும்.

கேபினெட்டைத் தொட்டால் விர்ரென்று இருக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்லாதீர்கள், பிளக்கில் எர்த் இல்லை. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரே எர்த் இல்லாத இடத்தில் சுமார் 115 வோல்ட்டைக் கேபினெட்டில் கொண்டுவந்து வைக்கும். கரண்ட் குறைவு என்பதால் விர்ரென்பதோடு நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

விளம்பரத்தில் இடம் போதாது என்று கடைக்காரர்கள் சொல்லலாம். பில்லிலாவது எஸ்எம்பிஎஸ்ஸின் கம்பெனி, மாடல், சீரியல் எண், 12 வோல்ட் ஆம்பியர் நான்கையும் எழுதித் தரட்டும். நல்ல மாடல்களுக்கு ஐந்து முதல் பத்து வருடம்வரை வாரண்டி உண்டு. பில்லில் 'எஸ்எம்பிஎஸ் 1' என்று மட்டும் இருந்தால் அதை யாரிடம் போய்க் கேட்பது?

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்குநர் ஒருவர்,
திருச்சி.