உண்ணிச்செடிக்குக் கவாத்து செய்துவிட்டு வந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டோரத்தில் தன்னார்வலர்கள் திரண்டு, லாண்டானா என்கிற அந்நியக் களையான உண்ணிச்செடியை அகற்றினார்கள் என்று போன வாரம் உங்கள் நாளிதழில் படத்துடன் செய்தி வந்திருந்தது. படத்தில் எல்லோர் கையிலும் கிளை இருந்தது, ஒருவர் கையிலும் வேர் இல்லை. அதைப் பார்த்ததும்தான் இதை எழுதத் தோன்றியது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலம் பக்கம் போயிருந்தேன். வனத்துறையிடம் முறையாக அனுமதி வாங்கி, பஸ் வைத்து அழைத்துப் போனார்கள். தொப்பி, பனியன், கையுறை, காலையில் இட்லி, எதற்கும் குறையில்லை. பேனர் கட்டவே ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் அரிவாளை எடுத்துத் தரையோடு தரையாக வெட்டித் தள்ளினோம். கையுறையையும் தாண்டி முள் கிழித்தது. வெயில் ஏறியதும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சோளகர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் அப்போதே சொன்னார்: “மேல வெட்டுனா இது சாகாதுங்க. கீழ குத்தித்தான் எடுக்கணும்.” கேட்க யாருக்கும் நேரமில்லை, நான் உட்பட. ஐப்பசி மழை முடிந்து அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டையிலும் நாலைந்து கிளை வெடித்து, முன்பைவிட அடர்த்தியான புதர். செடியை அழித்ததாக நினைத்துக்கொண்டு நன்றாகத் தழைக்கட்டும் என்று கிளை வெட்டிவிடுவார்களே, அந்தக் கவாத்தை அதற்குச் செய்துவிட்டு வந்திருக்கிறோம்!

அமெரிக்கக் கண்டத்துச் செடி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூவுக்காகக் கல்கத்தாவில் கொண்டுவந்து வைத்தது, இன்று முதுமலை, சத்தியமங்கலம் என்று புலிகள் காப்பகங்களையே மூடிக்கொண்டு நிற்கிறது. இதன் அடியில் புல் வளராது. புல் இல்லாத இடத்தில் மானுக்கும் காட்டெருமைக்கும் என்ன வேலை? சின்ன வயதில் இதன் கறுத்த பழத்தைப் பறித்துத் தின்ற தலைமுறை நாங்கள். அதே பழத்தைக் கொண்டைக்குருவி தின்றுவிட்டு மரத்தில் உட்கார்ந்து எச்சமிடுகிறது, மரத்தடியெல்லாம் புதுக் கன்று முளைக்கிறது.

ஆகவே வேலை ஒரு நாளில் முடிவதில்லை. மண்ணுக்குள் சில விரற்கடை ஆழத்தில், தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே, கொத்தால் குத்தி அறுக்க வேண்டும். பிடுங்கிய செடியைத் தலைகீழாகக் குவித்துக் காயவிட வேண்டும். பழம் பழுப்பதற்கு முன்பே இதையெல்லாம் செய்தாக வேண்டும். பிறகு மழைக்கு மழை வந்து, முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்கி, அந்த மண்ணுக்குரிய புல்லை விதைக்க வேண்டும். பிடுங்குவதைவிடத் திரும்பி வருவதுதான் கஷ்டம். அதற்கு யாரும் பனியன் அடிப்பதில்லை.

திரும்பி வருகிறவர்களும் இல்லாமல் இல்லை. கோத்தகிரியில் லாங்வுட் சோலை இருக்கிறது. நூற்றுச் சொச்சம் ஹெக்டேர்தான். உள்ளூர்க்காரர்கள் சிலர் இருபது வருடத்துக்கும் மேலாக அந்தச் சோலைக்குக் காவலாக நிற்கிறார்கள். அடிவாரத்துக் கிராமங்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் அந்தக் காடு 2024 ஜனவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. அவர்கள் ஒரே ஒரு சோலையைப் பிடித்துக்கொண்டார்கள், நாம் வாரம் ஒரு மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

அந்நியக் களைச்செடிகளுக்கென்றே தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. சரி, நல்லது. வனத்துறைக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். ஒரு குழுவுக்குப் பத்துப் பதினைந்து பேர் போதும். அவர்களுக்கு ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ ஒதுக்கி, மூன்று வருடத்துக்கு அதே இடம் என்று எழுதி வாங்குங்கள். வர முடியாதவர்களுக்கு அனுமதியே வேண்டாம். வேலையை முன்னின்று நடத்த அந்த ஊர்ப் பழங்குடியினரைக் கூலி கொடுத்து வையுங்கள். நகரத்திலிருந்து இலவசமாக ஆள் வருகிறது என்பதற்காக அவர்களுடைய கூலி வேலை பறிபோகக் கூடாது. இந்தச் செடியை அவர்களைவிட அறிந்தவர் யார்? கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் இதன் தண்டிலேயே நிஜ அளவு யானைகள் செய்ய, 2021-ல் லண்டன் பூங்காக்களில் அவை நின்றன.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் படம் எடுத்த புகைப்படக்காரரை அடுத்த வருடம் இதே மாதம், அதே இடத்துக்கு இன்னொரு முறை அனுப்புங்கள். அங்கே புல் இருந்தாலும் சரி, புதர் இருந்தாலும் சரி, அதே பக்கத்தில் அதே அளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்