பாப்பாவின் ஆஃபர் லெட்டரும் குரூப் 4 தேர்வும்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பா பி.காம் முடித்த கையோடு வேலையும் வந்துவிட்டது கேட்டு ரொம்ப சந்தோஷம். சென்னையில் வருஷத்துக்கு 4,20,000 தருகிறார்கள், அவளோ தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு எழுதி அரசு வேலைக்குத்தான் போவேன் என்கிறாள், எதில் போனால் நன்றாக வருவாள் என்று கேட்டிருக்கிறாய். நன்றாக வருவது என்றால் உங்கள் வீட்டுக்கு மாசம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று முடிவு செய்துகொள். அது இல்லாமல் பேசினால் நீயும் அவளும் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டே இருப்பீர்கள்.

முதலில் அந்த 4,20,000. அது சிடிசி, அதாவது கம்பெனிக்கு அவளால் ஆகும் மொத்தச் செலவு. பன்னிரண்டால் வகுத்து 35,000 கைக்கு வரும் என்று நினைத்துவிடாதே. ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் அட்டவணையை எடுத்து வைத்துக்கொள். வேரியபிள் பே என்று பத்து சதவீதம் போட்டிருந்தால் மாசம் 3,500 போயிற்று. அது வருஷக் கடைசியில், கம்பெனி நன்றாக ஓடினால் வரும். கம்பெனி கட்டும் பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி, 1,800-ம் இந்த 35,000-க்குள்தான். அடிப்படைச் சம்பளம் 17,500 என்றால் கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடைக்கு, 4.81 சதவீதம், 842 ரூபாய். குழுக் காப்பீட்டுக்கு ஒரு 500 வைத்துக்கொள்வோம். மீதி 28,358. இதிலிருந்து அவள் பங்கு பிஎஃப் 1,800, தொழில் வரி மாசக் கணக்கில் 208 கழிந்தால் கைக்கு வருவது 26,350. வருமான வரி இந்தச் சம்பளத்துக்கு வராது.

பிஎஃப் பாஸ்புக்கைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் 1,800-ல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், 550 மட்டும்தான் பிஎஃப் கணக்கில் ஏறும். ஓய்வூதியம் வேண்டுமென்றால் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். அதனால் கம்பெனி மாறும்போது பணத்தை எடுக்காமல் யுஏஎன் என்கிற அவளுடைய அதே நிரந்தர பிஎஃப் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளச் சொல். சின்ன வயசில் செய்கிற பெரிய தப்பு இதை எடுத்துச் செலவழிப்பதுதான்.

இனி அரசுப் பக்கம். குரூப் 4-ல் கிடைக்கும் இளநிலை உதவியாளர் வேலைக்கு அடிப்படைச் சம்பளம் 19,500-ல் தொடங்குகிறது. 2025 ஜூலைக் கணக்குப்படி அகவிலைப்படி 58 சதவீதம், அது 11,310. இரண்டும் சேர்ந்து 30,810. ஓய்வூதியப் பங்களிப்பாக இதில் பத்து சதவீதம் பிடித்தால் 27,729. வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்து இதற்கு மேல்.

பார்த்தாயா, தொடக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் செலவில் இருக்கிறது. சென்னையில் சாப்பாட்டோடு பெண்கள் விடுதி, பஸ், போன், மாசம் ஒரு தடவை ஊருக்கு வந்து போவது எல்லாம் சேர்த்து 17,000 ஆகும். மிச்சம் 9,000 சொச்சம். சொந்த மாவட்டத்தில் அரசு வேலை என்றால் மிச்சம் அதைவிட நிறைய. ஆனால் அங்கே வருஷ ஊதிய உயர்வு மூன்று சதவீதம், அகவிலைப்படி வருஷத்துக்கு இரண்டு முறை கூடும், அவ்வளவுதான். தனியாரில் ஜிஎஸ்டி, டாலி, எக்ஸெல் நன்றாகப் பிடிபட்டுவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் கம்பெனி மாறி ஒரே தாவில் ஏறலாம். பிடிபடாவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து படிக்கிறேன் என்கிறாளே, அதுதான் எனக்குக் கவலை. 2025 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935, விண்ணப்பம் சுமார் 13.9 லட்சம். ஒரு இடத்துக்கு 350 பேர். பிறகு கொஞ்சம் இடம் கூட்டினார்கள், அப்படியும் நெரிசல் குறையவில்லை. அவள் கெட்டிக்காரி, எனக்குத் தெரியும். ஆனால் கல்விக் கடன் இரண்டு லட்சம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அதற்குப் படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை தொடங்கிவிடும். பத்து சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாசம் 4,249. தவணை தொடங்கும் முன்பும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். நீயும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பதால் தவறினால் உன் சிபில் ஸ்கோரும், அதாவது பேங்குகள் கடன் தரப் பார்க்கும் மதிப்பெண்ணும், இறங்கும். நான் சொன்ன தேதி இதுதான்.

ஆகவே என் அபிப்பிராயம்: வேலையில் சேரட்டும். மாசம் மிஞ்சும் ஒன்பதாயிரத்தில் 4,249-ஐ இப்போதிருந்தே கடனுக்குக் கட்டட்டும், மீதியை ஆறு மாசச் செலவுக்கான தொகை சேரும்வரை தொடாமல் போட்டு வைக்கட்டும். காலையில் இரண்டு மணி நேரம் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு மாதிரித் தேர்வு. 200 கேள்வி, மூன்று மணி நேரம், கடிகாரம் வைத்து. முதல் நூறும் தமிழ். அந்த நூறு கேள்விக்கு மொத்தம் 150 மதிப்பெண், அதில் 60 வராவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளித் தமிழ்ப் புத்தகம்தான் அடிப்படை. விடை தெரியாத கேள்விக்கும் விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' என்பதற்கான ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும், சும்மா விட்டால் மதிப்பெண் பிடிப்பார்கள். படித்தவர்களே இதில் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு வருஷம் இப்படிப் படித்தும் மாதிரித் தேர்வில் 150 கேள்வி சரியாக வரவில்லை என்றால் இந்த ஆசையை விட்டுவிட்டுக் கணக்கு வேலையிலேயே மேலே படிக்கட்டும். 150 தாண்டிவிட்டால் கடைசி இரண்டு மாசம் வேலையை விட்டுவிட்டு உட்காரலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல். 2025-ல் அறிவிப்பு ஏப்ரல் 25, தேர்வு ஜூலை 12, இடையில் 78 நாள்தான். கம்பெனியில் நோட்டீஸ் காலம், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள் என்று இருந்தால் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ராஜினாமா கொடுத்து ஒன்றும் பிரயோஜனமில்லை. தேர்வாணையம் முன்கூட்டியே வெளியிடும் வருடாந்திர அட்டவணையைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே நோட்டீஸை 30 நாளாகக் குறைக்க முடியுமா என்று கேட்கச் சொல். கேட்பதில் தப்பே இல்லை.

இத்தனை வருஷம் வேலையை விடக் கூடாது என்கிற பாண்ட் ஏதாவது இருக்கிறதா என்றும் பார். அசல் மார்க்‌ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால் கொடுக்கவே கூடாது, சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தரட்டும்.

ஆஃபர் லெட்டரின் எல்லாப் பக்கத்தையும், பேங்கின் கடன் அனுமதிக் கடிதத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. வட்டி விகிதம் பார்த்துத் தவணையைச் சரியாகப் போட்டுத் தருகிறேன். சேரும் தேதி எப்போது என்று நீ எழுதவில்லை, அதையும் எழுது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் ராஜூ