திசு வளர்ப்பு வாழைக் கன்று விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, வணக்கம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் இலை வாழை போட்டிருப்பவன் நான். தார் எனக்கு இரண்டாம்பட்சம். விசேஷ வீடுகளுக்கு இலை அறுத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. பந்திக்குப் பூவன் இலைதான் வேண்டும் என்பார்கள். அதனால் உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தில் 'நோயற்றது' என்று அச்சடித்த பூவன் கன்றுகளை வாங்கி நட்டேன். கோடையில் போர் தண்ணீர் இறங்கிப்போய், இருபது நாள் கன்றுகள் வாடி நின்றன. எப்படியோ தேறி வந்தன.

அப்புறம் ஒரு கல்யாண வீட்டு வளவில் இலைக்கட்டைப் பிரித்த ஆச்சி, ஓர் இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நடு நரம்பிலிருந்து ஓரம் வரை மஞ்சள் கோடுகள். சில கோடுகள் கறுத்தே போயிருந்தன. "என்ன தம்பி, ஊசியால கீறி வச்ச மாதிரி இருக்கு? சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு இதையா போடுறது?" என்றார். கட்டு அப்படியே திரும்பி வந்தது.

விற்றவரிடம் கேட்டால், "மாவுப்பூச்சி கொண்டுவந்திருக்கும், எங்கள் கன்று சுத்தம்" என்கிறார். இலையில் இப்படிக் கோடு விழச் செய்யும் கீற்று வைரஸை மாவுப்பூச்சி பரப்பும் என்பது மெய்தான். நம் பூவன் தோட்டங்களில் அந்த வைரஸ் பரவலாகவும் இருக்கிறது. ஆனால் வைரஸ் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. அதை நீங்கள் யாரும் எங்களிடம் சொல்வதில்லை.

பூவன், ரஸ்தாளி, மொந்தன், கற்பூரவல்லி எல்லாமே 'ஏ', 'பி' என்று குறிக்கும் இரண்டு காட்டு வாழைகளின் கலப்பு. அதில் 'பி' ஆன பால்பிசியானா வாழையின் குரோமோசோமுக்குள், மனிதன் வாழை பயிரிடத் தொடங்கும் முன்பே, கீற்று வைரஸ் தன் மரபுச் சரத்தை (டிஎன்ஏ) செருகிவிட்டது. அது முழுசாக இல்லை. துண்டு துண்டாக, முன்னுக்குப் பின் மாறிக் கிடக்கிறது. வாழை சுகமாக இருக்கும்வரை அது தூங்கும். வறட்சி, வெப்ப மாற்றம், வேறு ரகத்தோடு இனக்கலப்பு, ஏன், உங்கள் கண்ணாடிக் குடுவையில் திசுவை வளர்ப்பதே கூட அதைத் தட்டி எழுப்பலாம். துண்டுகள் ஒன்று சேர்ந்து முழு வைரஸாகிவிடும். 1999லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்ட விஷயம் இது. எல்லாத் துண்டும் எழாது, எல்லா 'பி' ரகத்திலும் எழாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குருத்து நுனியை வெட்டி வளர்த்தால் வைரஸ் போய்விடும் என்பீர்கள். சுற்றித் திரியும் வைரஸ் போகலாம். ஒவ்வொரு செல்லின் குரோமோசோமிலும் தைத்துக் கிடப்பதை எந்தக் கத்தி வெட்டும்? 2019இல் கென்ய ஆய்வகம் ஒன்று மரபணுத் திருத்தத்தால் ஒரு வாழையில் அந்தத் துண்டையே முடக்கியது. தண்ணீர் குறைத்துச் சோதித்தபோது திருத்திய செடிகளில் முக்கால்வாசிக்கு அறிகுறி வரவில்லை. அது இங்கே வரும்போது வரட்டும்.

இப்போதைக்கு நான் கேட்பது சின்ன விஷயம். மரபுச் சரத்தைத் தேடும் சாதாரண பிசிஆர் சோதனை தூங்கும் துண்டையும் திரியும் வைரஸையும் பிரித்துக் காட்டாது. வைரஸ் துகளைப் பிடித்துச் சோதிக்கும் முறை, திரியும் வைரஸின் வட்டச் சரத்தைப் பெருக்கும் முறை என்று தனியாக இருக்கின்றன. 'பி' ரகங்களுக்கு அவற்றைச் செய்யுங்கள். அதுவும் குடுவையில் இருக்கும்போது மட்டும் இல்லை, வெளியே எடுத்துக் கன்றைத் திடப்படுத்தும்போதும், ஓர் இலையில் இல்லாமல் பல இலைகளில். இந்த வைரஸ் ஒரு இலையில் தெரிந்து அடுத்த இலையில் மறையும். கன்றுத் தட்டில் 'நோயற்றது' என்று போடுவதற்குப் பதில் எந்த நாளில் எந்த முறையில் சோதித்தீர்கள், ரகத்தில் ஏ, பி எத்தனை பங்கு (ஏஏபியா ஏபிபியா) என்று போடுங்கள். பழத்துக்குப் போடும் ஜி-9 ரகத்தில் 'பி' கிடையாது, அதில் உங்களுக்கு இந்த வேலை இல்லை.

அடுத்த நடவுக்கு 300 பூவன் கன்று எடுப்பதாக இருக்கிறேன். அந்த விவரம் எழுதிய தட்டு எவரிடம் இருக்கிறதோ, அவரிடம். கன்றுக்கு ஐந்து ரூபாய் கூடக் கேட்டாலும் சரி.

இப்படிக்கு,
காரைக்குடிப் பக்கத்து இலை வாழைக்காரன்